போக்சோ நீதிமன்றத்தில் ஒரு குழந்தையோடு 14 மாதங்கள்

குழந்தையின் பெயர், ஊர், படித்த பள்ளி, வழக்கு நடந்த ஆண்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவளுக்கும் உள்ள உறவு ஆகிய எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதியிருக்கும் சிறு விவரங்களிலும் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், சொல்கிறது; வழக்கில் குழந்தைக்குத் துணையாக வரும் ஆதரவு நபர் தனக்குத் தெரியவரும் எல்லாவற்றையும் எக்காலத்திலும் இரகசியமாகக் காக்க வேண்டும் என்று அதன் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதைச் சுமப்பவருக்கு அது எவ்வளவு கனமானது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இனி இந்தப் பணிக்கு வருபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. ஓய்வுக்குப் பிறகு குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அதன் வழியாகவே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்கும் ஆதரவு நபர்கள் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. போக்சோ சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு பதிவானால், 24 மணி நேரத்திற்குள் காவல்துறை அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை தொடங்கித் தீர்ப்பு வரை குழந்தைக்குத் துணையாக இருக்க ஒருவரை அந்தக் குழு நியமிக்கும். அவரைத்தான் ஆதரவு நபர் என்கிறார்கள். வெகுகாலம் இது பல இடங்களில் ஏட்டளவில்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்த நியமனத்தைப் பெற்றோர் விரும்பிக் கேட்டால் மட்டும் தருவதாக வைத்திருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொன்ன பிறகே பதிவேடுகளில் பெயர்கள் கூடின. எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரே ஒரு நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டப் பிரிவுகளைத் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். நீதிமன்ற வாசலில் ஒரு குழந்தையோடு ஆறு மணி நேரம் எப்படிக் காத்திருப்பது என்பது அந்தத் திரையில் வரவில்லை.

என்னை நியமித்த கடிதம் கைக்கு வந்தபோது வழக்கு பதிவாகி இரண்டு மாதம் கடந்திருந்தது. அதற்குள் அந்தப் பதினொரு வயதுக் குழந்தை நடந்ததைத் தன் தாயிடம், மகளிர் காவல் நிலைய உதவி ஆய்வாளரிடம், மருத்துவரிடம், குழந்தைகள் நலக் குழுவிடம், நீதித்துறை நடுவரிடம் என்று ஐந்து முறை சொல்லி முடித்திருந்தாள். ஆறாவது ஆளாக நான் போய் உட்கார்ந்தேன். "என்ன நடந்தது" என்று கேட்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பள்ளிக்கூட அனுபவம் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது, கேட்கவில்லை. அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ஆனால் தாயிடம் ஒரு தவறு செய்துவிட்டேன். "எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாதே" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு அவர் என்னை வழக்கறிஞர் என்று நினைத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து, "நீங்கதானே டீச்சர் வாதாடப் போறீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே அது தெரிந்தது. ஆகவே முதல் சந்திப்பிலேயே மூன்று பேரையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். வழக்கை நடத்துபவர் அரசு சிறப்பு வழக்கறிஞர். குடும்பம் தன் பக்கத்துக்கும் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. வசதியில்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவரைத் தரும். கூட வருவதும், நடப்பதை விளங்கச் சொல்வதும், குழந்தையின் பயத்தை உரிய இடத்தில் சொல்வதும் மட்டுமே நம் வேலை. நம்மை வேண்டாம் என்று குழந்தையும் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்பதையும், அதற்குக் குழந்தை எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை என்பதையும் அன்றே சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்ததால் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன்.

பண விஷயத்தில் நான் செய்த தாமதம் அந்தக் குடும்பத்தைத்தான் பாதித்தது. அந்தத் தாய் ஒரு தையல் கூடத்தில் நாள் கூலிக்கு வேலை பார்த்தவர். காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போன ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லாத நாள். விதிகளில் இரண்டு வழிகள் இருக்கின்றன. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்யலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்திற்குள் பணம் தரப்பட வேண்டும். அது போக, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு அதைத் தர வேண்டும். தீர்ப்பு வந்த பிறகுதான் இழப்பீடு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஏழாவது மாதத்தில், வேறொரு வழக்குக்காக வந்திருந்த ஓர் இளம் வழக்கறிஞர் வராந்தாவில் பேச்சுவாக்கில் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே மனு எழுதினோம். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் அந்தத் தாய் தன் ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்திருந்தார். புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே இந்த இரண்டு மனுக்களையும் பற்றிக் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுத் தாயிடமே கொடுத்து வையுங்கள். உங்கள் கையில் நகல் மட்டும் இருக்கட்டும்.

நீதிமன்றத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகர் 46 கிலோமீட்டர். காலை ஆறே முக்கால் பேருந்தைப் பிடித்தால்தான் பத்தரைக்குள் வளாகத்தில் இருக்க முடியும். முதல் சம்மன் வந்தபோது குழந்தை அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக, "இன்னைக்கு ஒரு நாள்தான் கண்ணு, இதோட முடிஞ்சிடும், அப்புறம் வரவே வேணாம்" என்று சொன்னேன். இந்த 14 மாதங்களில் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பும் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அன்று வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு, வாய்தா போட்டார்கள். அடுத்த முறை நீதிபதி விடுப்பு. மூன்றாம் முறை, பாதுகாப்புக்குப் போதிய காவலர்கள் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரைச் சிறையிலிருந்து அழைத்து வரவில்லை. நான்காம் முறை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். வழக்கு கோப்பில் எடுக்கப்பட்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் வழக்கில் சாட்சியம் மட்டுமே ஏழு மாதம் இழுத்தது. நான்காம் முறை திரும்பி வரும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. தாயின் மறுபக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். "டீச்சர் எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று தாயிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நம்பிய பெரியவர் ஒருவரால் ஏமாற்றப்பட்ட குழந்தை அவள். நானும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டேனோ என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை. அதன் பிறகு, "இன்னைக்கு நடக்கலாம், நடக்காமலும் போகலாம்; நடக்கலன்னா சாயந்திரம் வீட்டுக்குப் போயிடுவோம்" என்று மட்டுமே சொன்னேன். குழந்தைகள் நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்கிறார்கள். பொய்த்துப்போன உறுதிமொழியை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

காத்திருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பெரும்பகுதி அதுதான். குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. திரை போடலாம், காணொலி வழியாகக் கேட்கலாம். நீதிமன்றத்துக்குள்ளே அந்த ஏற்பாடு சரியாகவே இருந்தது. ஆனால் வராந்தாவுக்கும் தேநீர்க் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் திரை கிடையாது. இரண்டாம் வாய்தா நாளில் கழிப்பறைக்குப் போகும் வழியில் அந்த ஆளின் அக்காவும் மாமியாரும் எதிரே வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். குழந்தை அதன் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று. இதை நான் எழுத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவித்த பிறகு, குழந்தைக்கென்று இருந்த தனி அறையை எங்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அப்படி ஓர் அறை இருக்கிறது என்பதே முதல் இரண்டு முறையும் எனக்குத் தெரியாது. எனவே சம்மன் வருவதற்கு முன்பே ஒரு நாள் நீங்கள் மட்டும் தனியாகப் போய் வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள். எந்த வாசலில் கைதி வண்டி நிற்கும், எந்தக் கழிப்பறை பூட்டாமல் இருக்கும், அறையின் சாவி யாரிடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோர்ட் காவலரிடமும் பெஞ்ச் கிளார்க்கிடமும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அடுத்த வாய்தாத் தேதியை அவர்கள் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் வளாகத்தை விட்டு வராதீர்கள். பையில் தயிர்சாதம், இரண்டு தண்ணீர் பாட்டில், மாற்றுடை, வண்ணப் பென்சில் இருக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் அவளுக்குக் கைபேசி தருவதில்லை என்று முதலில் பிடிவாதமாக இருந்தேன். மூன்றாம் முறை அந்தக் கொள்கையை விட்டுவிட்டேன்.

சாட்சியத்துக்கு முன் என்னை மிகவும் அலைக்கழித்த கேள்வி, குழந்தையை எவ்வளவு தூரம் தயார்ப்படுத்தலாம் என்பது. சாட்சியத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி நாம் ஒரு சொல் பேசினாலும், சொல்லிக் கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு வாதிட வழி கிடைத்துவிடும். ஆனால் ஒன்றுமே சொல்லாமல் ஒரு குழந்தையை அந்த அறைக்குள் அனுப்புவது கொடுமை. அரசு வழக்கறிஞரிடம் கேட்டேன். "நடந்ததைப் பத்திப் பேசாதீங்க மேடம், நடைமுறையைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றார். ஒரு மாலை நீதிமன்ற வேலை முடிந்த பிறகு அனுமதி பெற்று அவளை உள்ளே அழைத்துச் சென்றேன். நீதிபதி எங்கே உட்காருவார், திரை எங்கே இருக்கும், நான் எங்கே இருப்பேன் என்று காட்டினேன். ஒவ்வொரு நாளும் அவளிடம் என்ன பேசினேன் என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டுத்தான் பின்னால் எனக்குத் தைரியம் தந்தது.

சாட்சியம் நடந்த நாளில் நீதிபதி முதலில் அவள் என்ன வகுப்பு, எத்தனை தோழிகள், உண்மைக்கும் பொய்க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். அவள் சரியாகவே சொன்னாள். வழக்கறிஞர்கள் தங்கள் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்பது சட்டம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேரடியாகவே கேட்கத் தொடங்கியபோது நீதிபதி அவரை நிறுத்தி அந்த முறையை நினைவூட்டினார். குறுக்கு விசாரணையின் நடுவில் அந்தக் கேள்வி வந்தது: இப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? அவள் சற்றும் யோசிக்காமல், "ஆமா, டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். எனக்குக் கை கால் சில்லிட்டுப் போயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதோடு அடுத்த கேள்விக்குப் போக விரும்பினார். நீதிபதி போகவில்லை. "டீச்சர் என்ன சொல்லிக் கொடுத்தாங்க, பாப்பா?" என்று கேட்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்னு சொன்னாங்க. கேள்வி புரியலன்னா திரும்பக் கேக்கச் சொன்னாங்க. அழுகை வந்தா தண்ணி கேக்கச் சொன்னாங்க" என்றாள். அது அப்படியே பதிவானது. அந்த ஒரு கூடுதல் கேள்வியை நீதிபதி கேட்காமல் விட்டிருந்தால், பதிவேட்டில் "ஆமா" என்பது மட்டுமே நின்றிருக்கும். அரசு வழக்கறிஞரும் அதைப் பின்னர் தெளிவுபடுத்தியிருக்கலாம்தான். ஆனால் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதை அவருக்கு முன்கூட்டியே எழுதித் தந்திருக்கவில்லை. நோட்டு என் பையிலேயே இருந்தது. நீங்கள் அதை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கிடையில் வீட்டுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் பாட்டி, "ஆனது ஆகிப்போச்சு, பொம்பளப் புள்ள பேரு கெட்டுப்போகும், பேசி முடிச்சுக்கலாம்" என்று தினமும் தாயை அரித்துக்கொண்டிருந்தார். போக்சோ குற்றம் சமரசம் பேசி முடிக்கக்கூடியது அல்ல என்பதைத் தாயிடம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். நானோ பாட்டியிடமே போய்ச் சண்டை போட்டேன். தலைமையாசிரியை புத்தி. விளைவு, ஒரு மாதம் அந்த வீட்டுக்குள் எனக்கு நுழைவு இல்லை. தாய், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிடுவாரோ என்று நான் பயந்த மாதமும் அதுதான். மிரட்டல் இருந்தால் 2018ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் அந்தத் தாய்க்கு விளக்கினார். மனுவைப் போடவில்லை என்றாலும், அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததே அவருக்குத் தெம்பாக இருந்தது. உறவினர்களிடம் பேசுவது நம் வேலை அன்று. பேச வேண்டியதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கையாக எழுதுங்கள்.

என் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 14 மாதங்களில் 23 பயணங்கள். பேருந்து, ஆட்டோ, மூவருக்கும் சாப்பாடு, நகல் எடுத்த செலவு, ஒரு முறை மூவரும் வாடகைக் காரில் திரும்பியது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27,000 ரூபாய் என் கைக்காசு. ஆதரவு நபருக்கான ஊதியம், திறன்மிகு தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் 23 நாட்களுக்கும் விண்ணப்பித்தேன். 9 நாட்களுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. மற்ற நாட்களுக்கு நான் நீதிமன்றத்தில் இருந்ததற்கான கையொப்பச் சான்று இல்லை என்று சம்பந்தப்பட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. வழக்கு ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் வருகைச் சான்று வாங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாலையில் நடத்தி வந்த தனிப்பயிற்சி வகுப்பிலிருந்து, அடிக்கடி விடுப்பு என்று சொல்லிப் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மாத வருமானம், மாதம் 6,000 வீதம், அதுவும் போயிற்று. எங்கே போகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்ல முடியாது. என் கணவரிடமும் "கோர்ட் வேலை" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு நாள் அவர், "அப்படி என்ன வேலை, தூக்கத்துல அழுவுற?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். குழந்தைக்கு ஆற்றுப்படுத்துநரை, அதாவது மனநல ஆலோசகரை, பரிந்துரைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் ஒருவர் வேண்டும் என்பதைப் பத்தாவது மாதத்தில்தான் ஒப்புக்கொண்டேன். பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் என் பாரத்தை மட்டும் பேசலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதை முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு தண்டனையாகவே வந்தது. குழந்தையை அன்று நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. அவளுக்கு அரையாண்டுத் தேர்வு. செய்தியைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இனிமே வாய்தா இல்லையா?" உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தண்டிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு, ஆனால் வழக்கமாக அங்கே சாட்சிகளைத் திரும்ப அழைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். "வழக்கமா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். உறுதிமொழி எதையும் நான் சேர்க்கவில்லை.

இழப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி அவள் பெயரில் வைப்பு நிதியாகப் போடப்பட்டது. அந்த இரசீதையும் தீர்ப்பின் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, தாய் காப்பி போட்டுத் தந்துவிட்டு, வாசல் வரை வந்து தயங்கி நின்றார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அவ சரியா சாப்பிட மாட்டேங்குறா. பழசு ஞாபகம் வந்துடுது போல." சரிம்மா, இனி வரவில்லை என்றேன். குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிய கடைசி அறிக்கையில், குடும்பத்தின் விருப்பப்படி என் பணி முடிந்தது என்று ஒரு வரி எழுதினேன். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.